ஏலத்தோட்டத்துக் கைகளும் நிறம் மாறிய நகங்களும்

நகம் மஞ்சளடித்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா, உடனே 'நகச்சொத்தை' என்று முடிவுகட்டி மூன்று மாதத்துக்குப் பூஞ்சை மாத்திரை எழுதிக் கொடுப்பது ஊருக்கு ஊர் வழக்கமாகிவிட்டது. மருந்துக் கடைக்காரரே கொடுத்துவிடுவதும் உண்டு. ஆனால் நோய் கண்ட நகங்களில் ஏறத்தாழப் பாதிதான் பூஞ்சையால் கெட்டவை என்பது தோல் மருத்துவத்தில் நெடுநாளாகத் தெரிந்த கணக்கு. மீதிப் பாதி வேறு காரணங்களால் நிறம் மாறியவை. அவற்றில் பல தாமாகவே சரியாகிவிடும். சிலவற்றைத் தள்ளிப்போட்டால் விரலை, அரிதாக உயிரையே, இழக்க நேரும். இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது, பிரித்தறிய முடியாமல் போவது ஏன் என்ற கேள்விகளை, போடிமெட்டு மலைப் பாதையில் நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் பெண்களின் கைகளை முன்னிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். நகத்தை நிறம் மாற்றக்கூடியவை பலவும் அந்தக் கைகளில் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன.

போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறி உச்சிக்குப் போனால் போடிமெட்டு. இந்தப் பக்கம் தேனி மாவட்டம், சோதனைச் சாவடியைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, இராஜகுமாரி என்று ஏலத்தோட்டங்கள் தொடங்கிவிடும். இந்தியாவில் விளையும் சின்ன ஏலக்காயில் பெரும்பகுதி இந்த மலைகளில் விளைவது. ஏலம் விடப்படுவது புத்தடியிலும் போடியிலும். பறிக்கிற கைகளில் கணிசமானவை தமிழ்நாட்டுக் கைகள். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்துப் பெண்கள் விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மாநில எல்லையைத் தாண்டி, பொழுது சாயத் திரும்புகிறார்கள். வேலை கேரளத்தில், வீடும் வைத்தியமும் தமிழ்நாட்டில். நகத்தைப் பற்றிய கட்டுரையில் இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

ஏலக்காய் செடியின் தலையில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரங்கள் தரையோடு தரையாகப் படர்ந்து, அவற்றில்தான் காய் பிடிக்கும். பறிக்கிறவர் குனிந்தோ குந்தியோ சருகையும் சேற்றையும் விலக்கி, முற்றிய காயை மட்டும் பார்த்து, கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காம்பைக் கொடுத்துக் கிள்ள வேண்டும். பிஞ்சுக்குச் சேதம் வரக்கூடாது. அறுவடை மழைக்காலத்தில் தொடங்கி மாதக்கணக்கில் நீள்வது. அதுவரை விரல் நுனிகள் ஈரத்திலேயே இருக்கும். நகத்தின் விளிம்பில் காயின் சாறும் மண்ணும் ஏறி, சோப்புக்கும் போகாத பழுப்புக் கறையாக நிற்கும். ரப்பர் கையுறை போட்டால் முற்றிய காய் எது, பிஞ்சு எது என்று விரலுக்குத் தெரியாது. எடைக்குக் கூலி என்றால் கையுறை கூலியையும் குறைக்கும். ஆகவே வெறுங்கைதான்.

இனி நகத்தைப் பார்ப்போம். நாம் நகம் என்று சொல்வது கெரட்டின் என்னும் உயிரற்ற புரதத்தாலான தட்டு. அதை உருவாக்கும் உயிருள்ள பகுதி தோல்மடிப்புக்கு அடியில் மறைந்திருக்கும் நகவேர். வெண்பிறையாக வெளியே தெரிவது அந்த வேரின் நுனி. கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். கால்நகம் அதில் பாதி வேகம்கூட இல்லை. கைநகம் ஒன்று முழுதாகப் புதிதாய் முளைக்க ஆறு மாதம் ஆகும், கால் பெருவிரல் நகத்துக்கு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம். அதனால் நகத்தில் ஒரு மாற்றம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தே அது எப்போது நேர்ந்தது என்று கணக்கிடலாம். நகத்தின் நடுவில் குறுக்கே ஒரு பள்ளம் இருந்தால் மூன்று மாதத்துக்கு முன் கடும் காய்ச்சலோ வேறு பெரிய நோவோ வந்திருக்கலாம். பிரெஞ்சு மருத்துவர் போ 1846-ல் எழுதிவைத்த இந்தக் குறி இன்றும் பயன்படுகிறது.

முதலில் தீர்க்க வேண்டியது, நிறம் வெளியிலிருந்து வந்ததா உள்ளிருந்து வந்ததா என்பது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வெளியிலிருந்து படிந்த கறையின் பின்விளிம்பு, நகத்தின் மேல் கவிந்த தோல்மடிப்பின் வளைவையே பின்பற்றி நிற்கும். ஏனென்றால் மடிப்புக்கு வெளியே தெரிந்த நகத்தில்தான் கறை பட்டது. உள்ளே வேரில் உண்டான நிறமோ வெண்பிறையின் வளைவைப் பின்பற்றும். சந்தேகம் வந்தால் நகத்தின் மேற்பரப்பை மெல்லச் சுரண்டினால் போதும். கறை பெரும்பாலும் சுரண்டலோடு போய்விடும். மஞ்சள் அரைத்த கை, மருதாணி, நகப்பூச்சு, பீடி, ஏலக்காய்ச் சாறு எல்லாம் இந்த வகைதான். மாத்திரை தேவையில்லை, வளர்ந்து போகக் காத்திருந்தால் போதும்.

ஈரம் செய்யும் வேலை இதைவிட ஆழமானது. நகத்தின் அடியோரத்தில் தோலையும் தட்டையும் ஒட்டிவைத்திருக்கும் மெல்லிய சவ்வு, நாள் முழுவதும் ஈரத்தில் ஊறினால் கழன்றுவிடும். அந்த இடுக்கில் தண்ணீரும் மண்ணும் அழுக்கும் புகும். தோல்மடிப்பு சிவந்து தடித்து, நகத்தின் ஓரம் கறுத்தோ பழுத்தோ, தட்டு அலையலையாக மேடுபள்ளமாகும். இது நாட்பட்ட நகச்சுற்று. வீட்டில் பாத்திரம் கழுவுவோருக்கும், மீன் வெட்டுவோருக்கும், சலவைத் தொழிலாளருக்கும் வருவதும் இதுவே. இதைப் பூஞ்சை என்று எண்ணிப் பூஞ்சை மருந்தே கொடுத்துவந்தார்கள். 2002-ல் இத்தாலியில் அன்டொனெல்லா டோஸ்டியும் உடன் பணிபுரிந்தோரும் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. பூஞ்சை மாத்திரை சாப்பிட்டவர்களைவிட, தோல் அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு களிம்பு தடவியவர்களுக்கே நன்றாகக் குணமானது. ஈரத்தால் தோல் புண்பட்டதே மூல நோய், பூஞ்சை பின்னால் வந்து ஒட்டிக்கொள்வது என்பதே இதன் பொருள். ஈரத்தை நிறுத்தாமல் எந்த மருந்தும் நிலைக்காது. ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: திடீரென்று வீங்கி, சீழ் கோத்து, விண்விண்ணென்று தெறிக்கும் நகச்சுற்று வேறு. அதற்கு எலுமிச்சம்பழத்தைத் துளையிட்டு விரலில் செருகிக்கொண்டு நாளைக் கடத்துவதைவிட, சீழை வெளியேற்றிக்கொள்வதே நல்லது.

ஈரத்தில் தட்டு படுகையைவிட்டுத் தூக்கிக்கொண்டால், அந்த இடைவெளியில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியேறும். அது சுரக்கும் நிறமிகளால் நகம் பாசி பிடித்ததுபோல் பச்சையாகவோ கரும்பச்சையாகவோ மாறும். வலி இருக்காது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. தூக்கிய பகுதியை வெட்டிவிட்டு, நீர்த்த வினிகரில் விரலை நனைத்து எடுத்து நன்றாக உலர்த்தினாலே பெரும்பாலும் போய்விடும். தேவைப்பட்டால் மருத்துவர் ஆன்டிபயாடிக் சொட்டுமருந்து தருவார். பூஞ்சை மாத்திரை இதற்குச் சிறிதும் பயன்படாது.

அடுத்து மருந்தடிப்பு. ஏலத்துக்கு அழுகல் நோய் வராமலிருக்க மழைக்கு முன்பே போர்டோ கலவை அடிப்பார்கள். ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் 100 லிட்டர் தண்ணீரில் சேர்ந்தால் ஒரு சதவீதக் கலவை. அதைக் கையால் கலக்குகிறவருக்கு நகத்தில் நீலப்பச்சைக் கறை ஏறும். அது தோலை உறுத்துமே தவிர நகத்துக்குப் பெரிய கேடில்லை. களைக்கொல்லி பாராகுவாட் அப்படியல்ல. நீர்க்காத மருந்து விரலில் பட்டாலோ, ஒழுகும் தெளிப்பானைக் கைமாற்றினாலோ நகத்தில் வெண்பட்டையோ பழுப்பு நிறமோ தோன்றும், தட்டு நொறுங்கும், சில சமயம் கழன்றே விழும். 1969-லேயே பிரிட்டனில் இதை மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். கேரள அரசு 2011-ல் பாராகுவாட் உள்ளிட்ட பல பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளின் விற்பனையைத் தடை செய்தது. நாடு முழுவதற்கும் அந்தத் தடை வரவில்லை. கழன்ற நகம் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். எனக்குக் கவலை அதைப் பற்றியதல்ல. நகத்தைக் கழற்றும் அளவுக்குக் கையில் பட்ட நஞ்சு, புண்ணிருந்தால் உடலுக்குள்ளும் போகும். பாராகுவாட்டுக்கு மாற்று மருந்தே கிடையாது. ஒரு கையின் பல நகங்கள் ஒரே சமயத்தில் இப்படிக் கெட்டிருந்தால், மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது தெளிப்பானைப் பற்றித்தான்.

இப்போது பூஞ்சைக்கு வருவோம். பூஞ்சைதான் என்றால் நகம் பெரும்பாலும் நுனியிலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ மஞ்சளாகி, தடித்து, அடியில் மாவுபோலப் பொடி சேரும். கைநகத்தைவிடக் கால்நகத்தில் இது அதிகம். மழைக்காலம் முழுவதும் பூட்ஸுக்குள் ஊறும் கால்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும், வயதானவர்களுக்கும் வாய்ப்புக் கூடுதல். ஆனால் சொரியாசிஸும் இதேபோல் நகத்தைத் தடிக்கவைக்கும், மஞ்சளாக்கும், பெயர்க்கும். நகத்தில் குண்டூசியால் குத்தியதுபோல் சிறு குழிகளோ, தட்டுக்கடியில் எண்ணெய்த் துளி போன்ற செம்மஞ்சள் புள்ளியோ இருந்தால் சொரியாசிஸை நினைக்க வேண்டும். கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லும் முடிவு தேர்ந்த மருத்துவருக்கும் தவறும்.

அதனால்தான் சோதனை. அது பெரிய கருவியோ பெரிய செலவோ கேட்பதில்லை. நகத்தை முதலில் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். நுனியில் இருக்கும் உதிரியை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கும் இடத்துக்கு எவ்வளவு அருகில் போகமுடியுமோ அவ்வளவு அருகில், தட்டுக்கு அடியிலிருந்து பொடியைச் சுரண்டி எடுக்க வேண்டும். உயிருள்ள பூஞ்சை அங்கேதான் இருக்கும். நுனியில் இருப்பது செத்த குப்பை. சுரண்டிய பொடியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுவிட்டு ஊறவைத்தால் கெரட்டின் கரையும், பூஞ்சை இழைகள் கரையாமல் நிற்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் கிளைவிட்ட நூலிழைகளாகத் தெரியும். மாதிரி எடுப்பதில் பிழை நேர்ந்தால் இந்தச் சோதனை பூஞ்சையைத் தவறவிடும் என்பது உண்மை. அப்போது திரும்ப எடுக்கலாம். வெட்டிய நகத்துண்டைத் திசு ஆய்வுக்கு அனுப்பலாம். எந்தப் பூஞ்சை என்று அறிய வளர்ப்புச் சோதனை செய்யலாம், அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். நூற்றுக்கணக்கில் செலவழித்து வாரக்கணக்கில் மாத்திரை விழுங்கப்போகிறவருக்கு, அதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துகொடுப்பது சலுகை அல்ல, உரிமை.

பூஞ்சை உறுதியானால் டெர்பினாஃபைன் 250 மில்லிகிராம் மாத்திரை, கைநகத்துக்கு 6 வாரமும் கால்நகத்துக்கு 12 வாரமும் தினம் ஒன்று என்பது பரவலான முறை. இட்ராகொனசோலை மாதத்தில் ஒரு வாரம் மட்டும் கொடுக்கும் முறையும் உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது. வேறு பல மாத்திரைகளோடும் மோதும். இரண்டுக்கும் முன்னதாகக் கல்லீரல் நிலையைப் பார்த்துக்கொள்வது நல்லது. மாத்திரை முடியும்போதும் நகம் அழகாகத் தெரியாது என்பதை நோயாளிக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கெட்ட பகுதி வளர்ந்து வெட்டுப்பட்டுப் போனபிறகே குணம் கண்ணுக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால், 'மருந்து கேட்கவில்லை' என்று அவர் வேறு மருத்துவரிடம் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். இது நான் பலரிடம் கேட்ட கதை. கால்நகப் பூஞ்சை நல்ல சிகிச்சைக்குப் பிறகும் திரும்ப வருவது சகஜம் என்பதையும் மறைக்கக்கூடாது.

இந்தியாவில் இன்னொரு கவலை சேர்ந்திருக்கிறது. ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த களிம்புகளைச் சீட்டில்லாமல் வாங்கிப் படர்தாமரைக்குத் தடவும் பழக்கம் நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. இதே காலத்தில் டெர்பினாஃபைனுக்கு எளிதில் அடங்காத ஒரு பூஞ்சை இங்கே பெருகி உலகெங்கும் போய்விட்டது. 2020-ல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினே என்று இந்தியாவின் பெயரிலேயே பெயர் வைத்தார்கள். அது பெரும்பாலும் தோலைத் தாக்குவது. ஆனால் தேவையில்லாத நகத்துக்கும் அதே மாத்திரையை வாரிக் கொடுக்கும் ஒவ்வொரு சீட்டும் அந்தச் சிக்கலை வளர்க்கிறது.

வெள்ளை நிறத்துக்கு நம் ஊரில் அச்சமில்லை, பிரியமே உண்டு. பறக்கும் கொக்கைப் பார்த்துக் கைநகங்களைக் காட்டிப் பூக்கேட்டுக் கூவாத பிள்ளைகள் குறைவு. நகத்தில் பூ விழுந்தால் புதுத்துணி வரும் என்பார்கள். இன்றைக்குப் பெற்றோர் அதைக் கால்சியம் குறைவு என்று எண்ணி மாத்திரை வாங்குகிறார்கள். உண்மையில் அந்த வெள்ளைப் புள்ளிகள் பெரும்பாலும் நகவேரில் பட்ட சிறு இடிகளின் அடையாளம், வளர்ந்து போய்விடும். கால்சியத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கவனிக்க வேண்டிய வெள்ளை வேறு. நகம் ஏறக்குறைய முழுவதும் வெளுத்து நுனியில் மட்டும் சிவப்புக் கீற்று இருந்தால் கல்லீரல் சுருக்கத்தை நினைக்க வேண்டும் என்று டெர்ரி 1954-ல் எழுதினார். அடிப்பாதி வெள்ளை, நுனிப்பாதி பழுப்பு என்றால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும் என்றார் லின்ட்சே 1967-ல். நகம் வெளிறி, தட்டையாகி, கரண்டிபோல் குழிந்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. இது எல்லையோரத்தில் பெரிய விஷயம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் கேரளத்தில் 36.3 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். நகங்கள் நீலம் பாரித்திருந்தால் இதயத்தையும் நுரையீரலையும் பார்க்க வேண்டும். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நிறம் ஒரு தேர்வாக இருப்பதும் இப்படிப்பட்ட பார்வையால்தான்.

கறுப்புதான் மிகவும் நிதானம் கேட்பது. இடிபட்டு ரத்தம் கட்டிய கறுப்பு நகத்தோடு சேர்ந்து முன்னே நகரும். தோல்மடிப்பிலிருந்து நுனிவரை நீளவாக்கில் ஓடும் கறுப்புப் பட்டை நகராது, ஏனென்றால் அது வேரிலிருந்து நிறமி ஊறிக்கொண்டே இருப்பதால் உண்டானது. நம்மைப் போன்ற கரிய, மாநிறத் தோலுள்ளவர்களுக்கு வயது ஏற ஏறப் பல விரல்களில் இப்படி மெல்லிய பட்டைகள் வருவது இயல்பு. பி12 சத்துக் குறைந்தாலும், சில புற்றுநோய் மருந்துகளாலும் பல நகங்கள் ஒன்றாகக் கறுக்கும். பி12 கொடுத்தால் மாறும். பதற வேண்டிய பட்டைக்கு வேறு முகம். நடுத்தர வயதுக்குப் பின், ஒரே ஒரு விரலில், அதிலும் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, புதிதாக வந்து, 3 மில்லிமீட்டருக்கு மேல் அகன்று, நுனியைவிட அடி விரிந்து, நிறம் சீராக இல்லாமல் போனால் மெலனோமா என்ற தோல் புற்றுநோயைத் தேட வேண்டும். கறுப்பு நகத்தைத் தாண்டிச் சுற்றுத்தோலிலும் பரவியிருந்தால் அது வலுவான எச்சரிக்கை. லண்டன் மருத்துவர் ஹட்சின்சன் 1886-ல் சுட்டியது. பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் 1977-ல் கண்டதும் இந்த நோயே. 1981-ல் இறந்தபோது அவருக்கு வயது 36.

ஏலத்தோட்டத்துக் கையில் இது மறைந்துபோகும் அபாயம் அதிகம். கட்டைவிரல் நகம்தான் கிள்ளுகிற நகம், எப்போதும் கறைபட்ட நகம், அடிக்கடி இடிபடும் நகம். கறுத்தால் 'வேலைக்கறை' என்பார்கள். வெடித்தால் 'நகச்சொத்தை' என்று மருதாணியை அரைத்துக் கட்டுவார்கள். மருதாணிக்குப் பூஞ்சையை அடக்கும் குணம் ஓரளவு உண்டு என்று ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். இருந்தாலும் நகத்தைச் செம்பழுப்பாக்கி, மருத்துவர் பார்க்க வேண்டிய நிறத்தையே மூடிவிடுகிறது. நகத்தைக் காட்டப் போவதற்குச் சில வாரம் முன்பே மருதாணியையும் நகப்பூச்சையும் நிறுத்திவிட வேண்டும். சந்தேகப் பட்டைக்கு நகவேரிலிருந்து திசு எடுத்துப் பார்ப்பது ஒன்றே வழி. அதை மருத்துவக் கல்லூரியில் செய்யலாம். இந்தப் பக்கம் தேனி க.விலக்கிலும், அந்தப் பக்கம் இடுக்கியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

ஆனால் அதுவரை யார் அனுப்புவது? போடியில் நகத்தைப் பார்க்கும் மருத்துவர் அந்தக் கை செய்யும் வேலையைப் பார்ப்பதில்லை. தோட்டத்தில் வேலையைப் பார்க்கும் கங்காணிக்கும் முதலாளிக்கும் நகம் ஒரு பொருட்டல்ல. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியைக் கட்டாயமாக்கியது. பின்னால் திருத்திக் குறைத்தபோதும் அதன் கீழ்வரம்பு 5 ஹெக்டேர், 15 தொழிலாளர் என்று இருந்தது. சிறு ஏலத்தோட்டங்கள் பல அதற்குள் வரவில்லை. தமிழ்நாடு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பகலில் வீட்டுக்கு வரும்போது இந்தப் பெண்கள் மலைமேல் இருக்கிறார்கள். 2024-ல் வந்த 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வேலையிடத்துக்குப் போகிறது. ஆனால் இவர்கள் வேலையிடமோ வேறு மாநிலத்தில். இரு மாநிலமும் நல்ல திட்டங்கள் வைத்திருந்தும், விரல் நுனிக்கு வந்து சேராமல் போவது இந்தச் சோதனைச் சாவடியால்தான்.

செய்யக்கூடியதைச் சொல்கிறேன். காசநோய்க்குச் சளி பார்க்கும் நுண்ணோக்கிகள் அரசு மருத்துவமனைகளில் பல காலமாக இருக்கின்றன. அதே நுண்ணோக்கியில், அதே ஆய்வக நுட்பநரால், ஒரு பாட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு நகப்பொடியையும் பார்க்க முடியும். வெளிநோயாளிச் சீட்டில் 'தொழில்' என்ற ஒரு வரி சேர்ந்தால் போதும், ஈரமா, களைக்கொல்லியா, கறையா என்ற கேள்வி தானாக எழும். ஜீப்புகள் புறப்படும் இடத்தில், அவை கிளம்பும் வேளையிலோ திரும்பும் வேளையிலோ, மாதம் ஒருமுறை ஒரு செவிலியர் கைகளைப் பார்த்தால், ஒற்றை விரலின் கறுப்புப் பட்டை அங்கேயே பிடிபடும். தோட்டத்தில் மதியக் கஞ்சிக்கு முன்னும் வேலை முடிந்தும் கை கழுவ நல்ல தண்ணீரும், துடைக்க உலர்ந்த துணியும், தடவ வாசலினும் வைப்பது முதலாளிக்குப் பெரிய செலவல்ல. மருந்து கலப்பவருக்கு மட்டுமாவது ரசாயனம் ஊடுருவாத தடித்த கையுறை கட்டாயம் வேண்டும். அங்கே காய் தடவிப் பார்க்கும் தேவை இல்லை என்பதால் மறுக்கக் காரணமும் இல்லை.

சிகிச்சைக்கும் ஒரு பருவம் உண்டு. மாசி வாக்கில் காயெடுப்பு ஓய்ந்து, அடுத்த மழை வரை கைகள் ஓரளவு காய்ந்திருக்கும். கைநகப் பூஞ்சைக்கு வேண்டிய ஆறு வார மாத்திரையும், நகச்சுற்றுக்கு வேண்டிய உலர்ந்த மாதங்களும் அந்த இடைவெளியில் அடங்கும். ஆடியில் சேற்றுக்குள் நிற்கிற கைக்கு அதே மாத்திரையைத் தொடங்கினால் பாதிப் பயன்தான் கிடைக்கும். போடி அரசு மருத்துவமனையில் நகத்துக்கென்று ஒரு முகாம் நடத்துவதாக இருந்தால் பங்குனி, சித்திரையில் நடத்தட்டும். முடிவு அறிவிக்கும் நாளை ஞாயிற்றுக்கிழமையாக வைக்கட்டும், அன்றைக்குப் பெரும்பாலான ஜீப்புகள் மலையேறுவதில்லை.